மாக்கோழியும் மண்புறாவும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு, பள்ளிச்சந்தம் என்று ஏதாவது எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு வந்துவிட்டது. ஏடும் எழுத்தும் பார்க்கிறவன் என்று என்னையே நீதிபதி ஆக்கினார்கள். அந்த வழக்குக்காக நான் ஒரு துப்பாக்கிப் போட்டிக்குப் போனதையும், போய்வந்து புரட்டிய நூல்களில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். நயினார் வீட்டுக்காரனுக்குத் துப்பாக்கியோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் அக்காவும் அதையேதான் கேட்டாள்.

நான் பூதிகோட்டையில் தானிய மண்டி வைத்திருப்பவன். கல்லூரி வாசல் மிதித்ததில்லை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த என் தகப்பனார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்தார். அவருக்குப் பின் நான் நடத்தினேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். சம்பள நாள் என்று ஒன்று இல்லாத ஊரில் பருப்புக் கடை எப்படி ஓடும்? ராகியும் கடலையும் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் பூதிகோட்டைக்கு வந்து சேர்ந்தேன்.

ஊர்ப் பெயரில் உள்ள பூதி, திருநீறுதான். விபூதிக் கோட்டை, சாம்பற் கோட்டை என்று பொருள் சொல்வார்கள். 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹைதர் அலி பிறந்தது இந்த ஊரில். அவர் தகப்பனார் பத்தே முகம்மது சீராவின் நவாபிடம் படைத்தலைவராக இருந்து இந்த இடத்தைப் பெற்றவர். துப்பாக்கியாலும் இரும்புக் கூட்டு ராக்கெட்டாலும் வெள்ளைக்காரனை அலற வைத்த மைசூர்ப் படையின் வித்து விழுந்த மண் இது. அதற்குப் பல நூறு ஆண்டு முன்பு, குவளாலபுரம் என்ற கோலாரைத் தலைநகராக வைத்திருந்த கங்கர்கள் ஆண்ட நாடும் இதுவே. அந்த வம்சத்துக்கு வழிகாட்டியவர் சிம்மநந்தி ஆசாரியர் என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆக, அகிம்சைக்கும் ஆயுதத்துக்கும் எங்கள் ஊரில் பழைய உறவு உண்டு.

இது நிற்க. வழக்குக்கு வருகிறேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகள்வயிற்றுப் பேத்திக்குப் பத்தொன்பது வயது. கல்லூரித் தோழி ஒருத்தியோடு வேடிக்கை பார்க்கப் போனவள், ஷாட்கன் சுடுதலில் பைத்தியமாகிவிட்டாள். க்ளே என்ற தட்டை இயந்திரம் ஆகாயத்தில் வீச, அது தரைக்கு வருமுன் சுட்டு உடைக்க வேண்டும். நன்றாகச் சுடுகிறாள் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். கிளப் துப்பாக்கி போதாது, சொந்தத்துக்கு ஒன்று வேண்டும். சில லட்சம் ஆகும். மருமகன் கையில் அவ்வளவு இல்லை. "தாத்தா, நீங்க பாதி போடுங்க" என்று வந்து நின்றாள்.

எங்களோடு இருக்கும் அக்காவுக்கு எழுபத்துநாலு வயது. இருட்டினால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். பேத்தி செல்போனில் படத்தைக் காட்டி, "பாட்டி, இது வெறும் தட்டு, உயிரே இல்ல" என்று விளக்கினாள். அக்கா பார்த்துவிட்டு, "தட்டுதான்டி. சுடறவ மனசுல இன்னா பறக்குது? குருவிதானே?" என்றாள். அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கோபமாகவும் திட்டவில்லை, ஒன்றுமில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா பள்ளிக்கூடம் போனது நாலாம் வகுப்புவரை. ஆனால் அவள் கேட்டது யசோதர காவியத்தின் கேள்வி. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான அந்தக் கதையை நம் வீடுகளில் இப்போது யாரும் சொல்வதில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். யசோதரன் என்ற அரசன் கெட்ட கனவு கண்டான். தோஷம் நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்றாள் தாய் சந்திரமதி. உயிரைக் கொல்ல மாட்டேன் என்றான் மகன். அப்படியானால் மாவினால் கோழி செய்து வெட்டு என்றாள். வெட்டினான். மாவுதானே என்று நாம் நினைப்போம். வினை அப்படி நினைக்கவில்லை. தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, பிறவிதோறும் அடிபட்டுச் செத்து, கடைசியில் கோழிகளாகப் பிறந்தார்கள். அந்தப் பிறவியில் முனிவர் ஒருவர் அறம் சொல்லக் கேட்டு, முற்பிறப்பு நினைவு வந்து, மகிழ்ந்து கூவினார்கள். அப்போது அந்த நாட்டு மன்னன் யசோமதி சோலையில் தன் ராணியோடு இருந்தான். கண்ணால் பாராமல், சத்தத்தை மட்டும் கேட்டு அம்பெய்யும் தன் திறமையை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று கூவல் வந்த திசையில் எய்தான். இரண்டு கோழியும் விழுந்தன. எய்தவன் யசோதரனின் சொந்த மகன்.

முதலில் உயிரில்லாத கோழி, கடைசியில் குறிபார்க்கும் விளையாட்டில் விழுந்த உயிருள்ள கோழி. இதைவிடப் பொருத்தமான நூல் இந்த வழக்குக்குக் கிடைக்குமா? ஆனால் ஏட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று எண்ணி, பேத்தி சுடும் ஒரு போட்டிக்கு நானும் போனேன். பெங்களூருக்கு வெளியே ஒரு சுடுகளம். பெயர் வேண்டாம்.

விடியற்காலையில் பூதிகோட்டையிலிருந்து கிளம்பி, பங்காருப்பேட்டையில் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தேன். வெட்டவெளி; எதிரே தைலமரத் தோப்பு. ட்ராப் என்னும் போட்டியில் சுடுகிறவர்கள் ஐந்து இடங்களில் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம். அதில் பதினைந்து இயந்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. முன்னால் உள்ள மைக்கில் சுடுகிறவர் குரல் கொடுத்ததும் ஏதோ ஒரு இயந்திரம் தட்டை வீசும். எது, எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. தட்டு 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. சுடாமல் விட்டால் 76 மீட்டர் போய் விழும். நம் தோசைக்கரண்டித் தலை அளவு இருக்கும் வட்டம், குருவியைவிட வேகமாகப் போகிறது. பட்டால் ஒரு கரும்புகை. படாவிட்டால் அது பாட்டுக்குப் போய்ப் புல்லில் உட்காருகிறது.

பெரிய போட்டிக்கு நடுவில், பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்று இருபத்தைந்து தட்டுக்கு ஒரு சிறு பந்தயம் வைத்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. இன்று போட்டிக்காரர்கள் கையில் இருப்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல் அடுக்கிய துப்பாக்கி. அந்தப் பந்தயத்துக்கு வந்தவை இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் பழைய ரெட்டைக்குழல். கிராமத்து மிராசுதார் வீட்டுச் சுவரில் மான்கொம்புக்குக் கீழே தொங்குமே, அது. தலைப்பாகையோடு வந்திருந்த ஒரு பெரியவர், என் வயதைவிடப் பத்து கூட இருக்கும், தம் தகப்பனார் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டினார். விசை இரண்டு. முன்விசை வலக் குழலுக்கு, பின்விசை இடக் குழலுக்கு. வலக் குழலின் வாய் சற்றே விரிவு. ரவை சீக்கிரம் பரவும், கிட்டத்தில் இருப்பதற்கு. இடக் குழலின் வாய் இறுக்கம். ரவை கலையாமல் தூரம் போகும். எழுந்த பறவை முதல் வெடிக்குத் தப்பினால் அதற்குள் தூரம் போயிருக்கும் அல்லவா, அதற்காக. ஆக, அந்தத் துப்பாக்கியின் உடம்பே பறவையை நினைத்துச் செய்ததுதான். பன்னிரண்டு போர் என்பதற்கும் அர்த்தம் சொன்னார். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை புகும் அளவு துளை. துளைக்கு எடையால் பெயர் வைத்தவன் என்னைப்போல் தராசுக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

பெரியவர் இருபத்தைந்தில் பதினாறு உடைத்தார். கடைசித் தட்டு நொறுங்கியதும் பக்கத்தில் இருந்தவர், "டெட் பேர்ட்!" என்று கத்தினார். செத்த பறவை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரே இல்லை என்கிறார்களே, பின்னே செத்தது எது?

ஊர் திரும்பி இந்தச் சொற்களின் கதையைத் தேடினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த விளையாட்டு உயிருள்ள புறாவைக் கொண்டுதான் நடந்தது. புறாவை ஒரு பெட்டியில் அடைத்துவைத்துக் கயிற்றை இழுத்துத் திறப்பார்கள், பறக்கும்போது சுடுவார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் ட்ராப், அதாவது பொறி. கயிற்றை இழு என்று சுடுகிறவன் சொன்ன 'புல்' என்ற சொல்லைத்தான் இன்றைக்கும் மைக் முன்னால் சொல்கிறார்கள். இப்போது கயிறும் இல்லை, பெட்டியும் இல்லை. 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவோடு நடந்த புறாச் சுடுதலில் ஏறக்குறைய முந்நூறு புறாக்கள் மடிந்தன. பெல்ஜியம் நாட்டு லெயோன் த லுந்தேன் 21 புறா சுட்டு முதலாவது வந்தார். அந்த இரத்தக்களரியை ஒலிம்பிக்கில் மறுபடி நடத்தவில்லை. இங்கிலாந்தில் அடைத்துவைத்த பறவையைத் திறந்துவிட்டுச் சுடுவதை 1921-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

மண்தட்டு கருணையால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. புறா கிடைப்பதும் அரிதாயிற்று, செலவும் அதிகம். முதலில் கண்ணாடி உருண்டைகளை வீசிச் சுட்டார்கள். 1870களில் அந்த உருண்டைக்குள் இறகு அடைத்து விற்றார்கள். ஏன் தெரியுமா? சுட்டதும் இறகு பறந்தால்தான் பறவையைச் சுட்ட திருப்தி! இதைப் படித்தபோது எனக்கு யசோதரனின் மாக்கோழி கண்முன் வந்தது. 1880-இல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகவ்ஸ்கி சுட்ட களிமண்ணில் தட்டு செய்தார். அது ஓட்டாஞ்சில்லு மாதிரி கெட்டியாக இருந்து ரவை பட்டும் உடையவில்லை என்று, பின்னால் சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து செய்தார்கள். இன்றுள்ள தட்டில் களிமண் கிடையாது. பெயர் மட்டும் மண்புறா.

நம் நாட்டில் இந்த மாற்றத்தை ஒரே வீட்டில் காணலாம். பிகானேர் அரசர் கங்கா சிங் கஜ்னேர் ஏரிக்கரையில் வைஸ்ராய்களுக்கும் விருந்தினர்களுக்கும் நடத்திய மணற்கௌதாரி வேட்டை உலகப் பிரசித்தம்; பறவைகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. அவருடைய பேரன் கர்ணி சிங் மண்தட்டு சுட்டு 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைத் துப்பாக்கிகளுக்கு வேலை போயிற்று. 2004-இல் ஏதென்ஸில் ராஜ்யவர்த்தன் சிங் ராத்தோர் இரட்டைத் தட்டுப் போட்டியில் வெள்ளி வென்றது பலருக்கு நினைவிருக்கும். தமிழரும் இதில் உண்டு. புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணித் தங்கம் வென்றவர்களில் ஒருவர். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.  நம் கர்நாடகத்துக் குடகர்கள் இந்தத் தட்டுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. கைல் பொள்து என்னும் ஆயுதப் பண்டிகையில் மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுட்டு உடைக்கிறார்கள். உடைத்தால் சமையலுக்காவது ஆகும்.

இனித் தீர்ப்புக்கு வேண்டிய நூல். நம் ஆகமத்தில் இம்சையை நான்காகப் பிரிப்பார்கள். வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி, தொழிலில் நேர்வது உத்யோகி, தற்காப்பில் நேர்வது விரோதி, கொல்வேன் என்று எண்ணிச் செய்வது சங்கல்பி. இல்லறத்தான் முழுவதும் விட வேண்டியது இந்த நாலாவது. யசோதரன் கோழி என்று எண்ணித்தான் மாவை வெட்டினான். கோழியை வெட்டிய பலனை எதிர்பார்த்தான். அதனால் மாவு கோழியாயிற்று. இறகடைத்த கண்ணாடி உருண்டையைச் சுட்டவனும் அவன் கட்சிதான் என்பேன்.

என் பேத்தி எந்தக் கட்சி? சுடுகளத்திலேயே கேட்டேன். "தட்டு வர்றப்போ உன் கண்ணுக்கு என்னம்மா தெரியுது?"

கொஞ்சம் யோசித்தாள். "குருவி எதுவும் தெரியாது தாத்தா. தட்டுகூட முழுசா தெரியாது. ஆரஞ்சா ஒரு ஓரம் தெரியும், முன்னாடி ஓரம். அதைத்தான் பார்க்கணும். வேற ஏதாவது நினைச்சா மிஸ் ஆயிடும்."

இதை நான் நம்புகிறேன். பெரியவர்களின் நாக்கில் பறவை தங்கிவிட்டது. அவள் மனதில் அது இல்லை. அக்காவின் கேள்விக்கு இதுதான் பதில் என்று மகிழ்ந்து, கையை வீசிக்கொண்டு களத்துக்கு அப்பால் நடந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

தட்டுச் சில்லுகள் கிடக்கும் தரைக்கும் அப்பால், மண்ணில் கறுப்பாக என்னவோ மின்னியது. குனிந்து எடுத்தேன். கடுகு மாதிரி ஈயம். மண்டிக்காரன் புத்தி கணக்குப் போடாமல் இருக்குமா? ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயம், இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட ரவை. போட்டியின் தகுதிச் சுற்றில் ஒருவருக்கு 125 தட்டு. தட்டுக்கு ஒரு தோட்டா என்றாலும் மூன்று கிலோ. இரண்டாவது வெடியும் வெடித்தால் ஆறு கிலோ. இது ஒருவர், ஒரு போட்டி. பயிற்சியைச் சேர்த்தால் வருஷத்துக்கு மூட்டைக் கணக்கு. நெல்லும் கல்லும் பொறுக்கித் தின்னும் பறவைகள் செரிமானத்துக்காகப் பருக்கைக் கல் விழுங்கும். ஈயத்தையும் கல் என்று விழுங்கிவிடும். அரைபட்ட ஈயம் இரத்தத்தில் ஏறிச் சாகும். வாத்துகள் இப்படிச் செத்ததைக் கண்டுதான் அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சதுப்புநிலங்களில் தடை போட்டது.

துப்பாக்கியால் சாகாத பறவை, துப்பாக்கி ஓய்ந்த பிறகு சாகிறது. இதற்குச் சங்கல்பம் எதுவும் வேண்டாம். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு, அனர்த்த தண்டம் என்று ஒன்றைச் சொல்கிறது. காரியம் இல்லாமல் நேரும் தீங்கு. அதில் ஒரு வகை, கொல்கருவியைப் பிறர் கையில் கொடுப்பது. இன்னொரு வகை, அசட்டையாக நிலம் நீரைக் கெடுப்பது. துப்பாக்கிக்குப் பணம் கொடுக்கும் தாத்தாவுக்கு இரண்டும் பொருந்தும்.

தங்கவயல்காரனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. தங்கத்தைப் பிரித்தெடுத்து எறிந்த சயனைடு மண் மேடுமேடாக எங்கள் ஊரில் நிற்கிறது. தங்கம் போன இடம் தெரியாது. காற்றடித்தால் அந்தப் பொடி சோற்றில் விழும். சின்ன வயதில் அந்த மேட்டில்தான் சறுக்கி விளையாடினோம். சுரங்கம் நடந்தபோது அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பருப்பு விற்றுக்கொண்டிருந்தேன்.

பேத்தியிடம் சொன்னேன். அவள் முகம் வாடியது. "இதை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை தாத்தா" என்றாள். பிறகு விசாரித்திருக்கிறாள். வெளிநாட்டுச் சுடுகளங்கள் சிலவற்றில் சில வருஷத்துக்கு ஒருமுறை மேல்மண்ணைச் சலித்து ஈயத்தை எடுத்து விற்கிறார்களாம். ஈயம் விலைபோகும் சரக்கு. எடுத்தால் களத்துக்குத்தான் லாபம். இதைச் சொல்லி இவள் களத்துக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பார்க்கலாம் என்றார்கள்.

பணம் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். அவள் கேட்டது பாதி. அந்தப் பாதியில் பாதி கொடுத்தேன். மீதி, மண்ணைச் சலித்த அன்றைக்கு. வியாபாரி தீர்ப்பு என்று மருமகன் சிரித்தார். சிரிக்கட்டும்.

சென்ற மாதம் பேத்தி பூதிகோட்டைக்கு வந்தபோது, களத்தின் மண்ணை ஒரு பையில் கொண்டுவந்தாள். எவ்வளவு தேறும் என்று பார்க்க வேண்டுமாம். மண்டிச் சல்லடையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதில் ஜனங்கள் தின்னும் ரவை சலிக்கிறோம். பழைய முறம் ஒன்றை எடுத்துக் கையுறை மாட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து புடைத்தாள். மண்ணும் பறந்தது, ஈயமும் சிதறியது. 1802-இல் ஜான் வாரன் என்ற துரை, மண்ணில் பொன் இருக்கிறது என்று கேள்விப்பட்டு இந்தப் பக்கம் வந்தபோது, உரிகம் ஊரார் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் முன்னால் அலசிப் பொன்துகள் எடுத்துக் காட்டினார்கள் என்பது தங்கவயல் வரலாற்றின் முதல் பக்கம். அதை நான் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். திண்ணையில் மாலை உருட்டிக்கொண்டிருந்த அக்கா, மூன்று மாதமாகப் பேத்தியோடு பேசாதவள், தலை நிமிராமல் சொன்னாள்:

"மொறத்துல நிக்காதுடி. பழைய குண்டான்ல போட்டுத் தண்ணி ஊத்தி அலசு. அலசின தண்ணிய செடிக்கு ஊத்தாத."